எந்த வயர் எதற்கு

அரியலூருக்கு மாறுதல் வந்தபோது வீடு மாற்ற வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. பெரம்பலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரலாம் என்றுதான் இருந்தேன். ஐந்து மாதம் அப்படித்தான் போனேன். சிமெண்ட் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்து போகும். சேலை மடிப்பில் படிந்த புழுதியோடுதான் ஆபீஸுக்குள் நுழைவேன். அதுகூடப் பரவாயில்லை. ஆனால் பகல் முழுக்க வீட்டில் மாமனார் தனியாக இருந்தார். கணவர் வேலை பார்ப்பது துபாயில். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். மாமனாருக்கு எழுபத்து மூன்று வயது. சர்க்கரை இருக்கிறது. காலையும் மாலையும் இன்சுலின் போட வேண்டும். ஒரு நாள் மாலை நான் வந்து சேர எட்டரை ஆகிவிட்டது. அவர் ஊசியும் போடாமல் சாப்பிடாமலும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அன்றுதான் வீட்டை மாற்றிவிடலாம் என்று முடிவு செய்தேன்.

பாத்திரமும் துணியும் எனக்குப் பெரிய விஷயமில்லை. சாக்கில் போட்டுக் கட்டினால் ஆயிற்று. என்னைக் கலங்க வைத்தவை கரண்டில் ஓடும் சாமான்கள். டிவி, ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின், இன்வெர்ட்டர், மகளின் கம்ப்யூட்டர், நெட் வருகிற பெட்டி என்று ஒவ்வொன்றாகப் பதினைந்து வருஷத்தில் கணவர் லீவில் வரும்போதெல்லாம் வாங்கி, அவரே மாட்டிவிட்டுப் போனவை. நான் சுவிட்சைப் போடுவேன், அணைப்பேன். பின்பக்கம் என்ன இருக்கிறது என்று ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை. இப்போது டிவியை நகர்த்திப் பார்த்தால் சுவரோரம் கறுப்பு வயர்கள் சிக்குப் பிடித்துக் கிடந்தன. எல்லாம் ஒரே கறுப்பு, ஒரே தடிமன்.

வீடியோ காலில் கணவரைக் கூப்பிட்டேன்.

"கழட்டுறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் போட்டோ எடுத்துக்க. எந்த வயர் எந்த ஓட்டையில இருக்குன்னு தெரியும்" என்றார். "டிவிய படுக்க வெக்காத, நிமித்தியே கொண்டு போ. ஃப்ரிட்ஜையும் அப்படித்தான். வாஷிங் மெஷின் டிரம் ஆடாம எதையாவது அடைச்சி வை."

"எதைங்க அடைக்கிறது?"

"வாங்குனப்ப தெர்மாகோல் ஒண்ணு குடுத்தாம்ல, அது."

அந்தத் தெர்மாகோலைப் பரண்மேல் எலி கடித்துத் துகளாக்கியிருந்தது. டிவி வந்த அட்டைப்பெட்டியும் அதே கதி.

போனில் நானாகவே சில வீடியோக்களைப் பார்த்தேன். ஒருவர் டிவியைப் போர்வையில் சுற்றச் சொன்னார். இன்னொருவர், போர்வையில் சுற்றினால் திரையில் கீறல் விழும், குமிழி வைத்த பிளாஸ்டிக் தாள்தான் நல்லது என்றார். ஃப்ரிட்ஜை முதல் நாளே அணைத்துவிட வேண்டும் என்றார் ஒருவர், மூன்று மணி நேரம் முன்னால் அணைத்தால் போதும் என்றார் மற்றவர். பார்க்கப் பார்க்க, தெரிந்ததும் தெரியாமல் போயிற்று.

மாமனாரைக் கேட்கலாம்தான். அவர் எறையூர் சர்க்கரை ஆலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பெரிய மோட்டார்களைப் பிரித்து மாட்டிய கை. ஆனால் இந்தப் புதுச் சாமான்களைப் பற்றிக் கேட்டால், "அதெல்லாம் அவனத்தான் கேக்கணும்" என்று மகன் பக்கம் கையைக் காட்டிவிடுவார். இன்வெர்ட்டர் பேட்டரியை மட்டும் என்னைத் தொட விடவில்லை. "ஆசிட் இருக்கும்மா, தள்ளு" என்று சொல்லிவிட்டு அவரே கழற்றினார். சிவப்பு வயரில் நூல் ஒன்றைக் கட்டி அடையாளம் வைத்தார். இரண்டு முனைகளையும் டேப்பால் சுற்றினார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். அப்போது அவரிடம் எந்தத் தடுமாற்றமும் இல்லை.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. ஸ்டிக்கர் பொட்டு அட்டைகள் வீட்டில் நிறைய இருந்தன. டிவியில் ஒரு சிவப்புப் பொட்டு, அதன் வயரில் ஒரு சிவப்புப் பொட்டு. கம்ப்யூட்டருக்குப் பச்சை. நெட் பெட்டிக்குக் கறுப்பு. கறுப்பு வயரில் கறுப்புப் பொட்டு தெரியாது என்பது ஒட்டிய பிறகுதான் உறைத்தது. அதைப் பிய்த்துவிட்டு அரக்கு நிறம் ஒட்டினேன். டியூப்லைட் வெளிச்சத்தில் அரக்கும் சிவப்பும் ஒன்றுபோலவே தெரிந்தன. மறுநாள் காலையில் பார்த்தால் நாலைந்து பொட்டுகள் தரையில் உதிர்ந்து கிடந்தன. அவற்றை மாமனார் பொறுக்கி, அவருக்குத் தோன்றிய இடத்தில் திரும்ப ஒட்டிக்கொண்டிருந்தார்.

"மாமா, எங்கேர்ந்து விழுந்துச்சோ அங்கதான் ஒட்டணும்."

"அங்கதாம்மா ஒட்டுறேன்."

அது அங்கேதானா என்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை. எல்லா அடாப்டர்களையும் வயர்களையும் ஒரு பையில் போட்டுக் கட்டினேன். பெட்டிகளுக்கு எண் போட்டு, எதில் என்ன என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

ஒரு பொருளை மட்டும் எந்தப் பெட்டியிலும் போடக்கூடாது என்று வைத்திருந்தேன். அது இன்சுலின். ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டால் அதை எங்கே வைப்பது? மெடிக்கல் கடைக்காரரிடம் கேட்டதற்கு, "ஐஸ் மேல நேரா படக்கூடாதுங்க, உறைஞ்சா வீணாயிடும். துண்டுல சுத்தி பிளாஸ்க்ல வெச்சிக்கங்க" என்று சொல்லி, ஃப்ரீசரில் வைக்கும் குளிர் பை ஒன்றையும் தந்தார். வாய் அகன்ற ஒரு பிளாஸ்க்கில் அப்படியே வைத்தேன். ஊசிகளையும் டாக்டர் சீட்டையும் ஒரு கவரில் போட்டு அதன்மேலேயே ரப்பர் பேண்டால் கட்டினேன். இது கையோடு வர வேண்டியது, அதனால் நோட்டில் எழுத வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

காலை ஏழு மணிக்குக் குட்டி யானை வண்டி வந்தது. கூடவே மூன்று ஆட்கள். மாடி வீடு, குறுகலான படி. அவர்களில் மூத்தவர் படியைப் பார்த்தார், ஃப்ரிட்ஜைப் பார்த்தார்.

"அக்கா, நிமித்தி எறக்க முடியாது. சாச்சிதான் எறக்கணும்."

"சாய்க்கக் கூடாதுன்னு சொன்னாங்களே."

"சொல்றவுங்க வந்து தூக்கச் சொல்லுங்க."

சாய்த்துத்தான் இறக்கினார்கள். திருப்பத்தில் கிட்டத்தட்டப் படுக்கவே வைத்துவிட்டார்கள். அதற்குள் இன்னொருவர் டிவியைக் கட்டிலில் குப்புறப் போட்டுப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தார். "நிமித்தியே வைங்க" என்று கத்திக்கொண்டு ஓடினேன். கீழே மாமனார், "வண்டியில தண்ணி ஒழுகுது, சாமான் நனையுது" என்று கூப்பிட்டார். தண்ணீர் மெஷினை நான் வடிக்க மறந்திருந்தேன். கையில் பிளாஸ்க் இருந்தது. படிக்கட்டில் மாமனார் எதிரே வந்தார். "இத வெச்சிக்கங்க மாமா" என்று அவரிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். இது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

வாஷிங் மெஷின் டிரம்முக்குள் மூன்று கம்பளிகளைத் திணித்தேன். மூடியை டேப் போட்டு ஒட்டினேன். மகளின் கம்ப்யூட்டரைக் கேபின் சீட்டில் வைத்து, அதற்குப் பக்கத்தில் மாமனாரை உட்கார வைத்தேன். நான் பஸ்ஸில் வந்தேன்.

அரியலூர் வீடு கீழ்த்தளம்தான். அதனால் இறக்குவது சுலபமாக முடிந்தது. பதினொன்றரைக்கு ஆட்கள் போய்விட்டார்கள். போகும்போது மூத்தவர், "ஒரு டீ குடிச்சிட்டு ஃப்ரிட்ஜ போடுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார். போனில் கணவர் ஒரு முழு நாள் போடாதே என்றார். மாமனார் ஃப்ரிட்ஜின் பின்பக்கம் குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கம்ப்ரஸர்ல இருக்கிற ஆயிலு மேல ஏறியிருக்கும். அது கீழ எறங்கணும். நாலு மணி நேரம் உடு, போதும்."

மூன்று பேர், மூன்று கணக்கு. கடைசியில் மாமனார் சொன்னபடி விட்டேன். மூன்றரை மணிக்குப் போட்டேன். ஃப்ரிட்ஜ் உறுமிவிட்டு ஓடத் தொடங்கியது. உள்ளே லேசாகக் குளிர் வந்ததும், "மாமா, பிளாஸ்க்கத் தாங்க, இன்சுலின உள்ள வெச்சிடலாம்" என்றேன்.

"எந்த பிளாஸ்க்கு?"

"காலையில படிக்கட்டுல குடுத்தேனே."

அவர் என்னைப் பார்த்தார். "எங்கிட்டயா குடுத்த?"

முதலில் அவருடைய பைகளில் தேடினேன். பிறகு கேபினில் விட்டிருப்பாரோ என்று வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். அவர் பார்த்துவிட்டு இல்லை என்றார். பிறகு பெட்டிகளைப் பிரித்தேன். ஒன்று முதல் பதினெட்டு வரை எண் போட்டிருந்தேன். ஒவ்வொன்றிலும் நோட்டில் எழுதியதுதான் இருந்தது. மிக்சி இருந்தது, கிரைண்டர் இருந்தது, அயர்ன் பாக்ஸ் இருந்தது. வீடு முழுக்கப் பிரித்த பெட்டிகள் பரவிக் கிடந்தன. மாமனாரும் என் பின்னாலேயே வந்து, நான் பார்த்து முடித்த பெட்டியையே திரும்பப் பிரித்துப் பார்த்தார்.

மணி ஐந்தரை ஆயிற்று. ஏழரைக்கு ஊசி போட வேண்டும். புதிதாகவே வாங்கிவிடலாம் என்று தெருமுனை மெடிக்கல் கடைக்கு ஓடினேன்.

"எந்த இன்சுலின்மா?" என்றார் கடைக்காரர்.

"அந்த... பாட்டில்ல வர்றது."

"பாட்டில்லயே நெறைய இருக்கே. முப்பது எழுபதா, அம்பது அம்பதா? நாப்பது யூனிட்டா, நூறு யூனிட்டா? சீட்டு கொண்டாந்தீங்களா?"

சீட்டு பிளாஸ்க்கோடு இருந்தது. பாட்டில் மூடியின் நிறம் என்ன என்று கேட்டார். தினமும் காலையும் மாலையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். பழுப்பு என்று சொன்னேன். பிறகு மஞ்சளோ என்று தோன்றியது. தப்பாகப் போட்டால் ஆபத்து, பழைய டாக்டரிடம் கேட்டுக்கொண்டு வாருங்கள் என்று அவர் நல்லபடியாகவே சொன்னார். பெரம்பலூர் கிளினிக்குக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

வெறும் கையோடு திரும்பினேன். வீட்டுக்குள் நுழையும்போது மாமனார் வயர்ப் பையைத் தரையில் கொட்டி வைத்திருந்தார். அடாப்டர்களும் பொட்டுகளும் சிதறிக் கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுமை போய்விட்டது.

"வயர்ப் பையிலயா பிளாஸ்க் இருக்கும்? கையில குடுத்ததப் பத்திரமா வெச்சிக்கத் தெரியலயா மாமா? ஒண்ணே ஒண்ணுதான் உங்ககிட்ட குடுத்தேன். அதையும் எங்கயோ வெச்சிட்டு எங்கிட்டயே கேக்குறீங்க. பொட்டையும் மாத்தி மாத்தி ஒட்டி வெச்சிட்டீங்க. நான் ஒரு ஆளு எத்தனையத்தான் பாக்குறது?"

கல்யாணமாகி வந்த இருபத்திரண்டு வருஷத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அவர் எழுந்து பின்கட்டுக்குப் போனார். நான் அடுப்படியில் போய் நின்றேன். கேஸ் இணைக்கவில்லை, டீ போடவும் வழியில்லை.

கொஞ்ச நேரம் கழித்து டேப்பைக் கிழிக்கும் சத்தம் கேட்டது. அவர் வாஷிங் மெஷினைத் திறந்துகொண்டிருந்தார். முதுகு வலிக்கிறது, விரித்துப் படுக்க ஒரு கம்பளி எடுக்கப் போனேன் என்று பிறகு சொன்னார். முதல் கம்பளியை உருவினார். இரண்டாவதை உருவும்போது அதற்குள்ளிருந்து பிளாஸ்க் வெளியே வந்தது. கவரும் ரப்பர் பேண்டும் அப்படியே இருந்தன. உள்ளே கை வைத்துப் பார்த்தேன். இன்னும் ஜில்லென்று இருந்தது. பாட்டில் மூடி பழுப்பும் இல்லை, மஞ்சளும் இல்லை, ஆரஞ்சு.

"நாந்தாம்மா வெச்சிருப்பேன்" என்றார் மாமனார். "மறந்து போச்சி. மனசுல வெச்சிக்காத."

ஏழரைக்கு ஊசி போட்டேன். ஓட்டலில் வாங்கி வந்த இட்லியைச் சாப்பிட்டோம். கிடைத்துவிட்டதே என்ற நிம்மதி எனக்கு. அவர் முகத்தை நான் சரியாகப் பார்க்கவில்லை.

இரண்டு நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை. டிவியை மாட்டலாம் என்று உட்கார்ந்தேன். எந்த வயர் எதற்கு என்பது பொட்டுகளை வைத்துப் புரியவில்லை. அதனால் போனில் எடுத்து வைத்திருந்த போட்டோக்களைத் திறந்தேன். டிவியின் பின்பக்கம், கம்ப்யூட்டரின் பின்பக்கம், நெட் பெட்டி என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனேன். அடுத்து வாஷிங் மெஷின் வந்தது. இது போதுமா என்று கேட்டுக் கணவருக்கு அனுப்பிய படம். டிரம் நிறைய கம்பளி. கம்பளிக்கு நடுவே பிளாஸ்க்கின் நீல மூடி. அதை உள்ளே அழுத்துகிற ஒரு இடது கை. மணிக்கட்டில் என் வாட்ச்.

பெரிதாக்கிப் பார்த்தேன். என் கைதான். ஆடாமல் அசையாமல் இருக்கட்டும் என்று நானேதான் வைத்திருக்கிறேன். வலது கையால் போட்டோவும் எடுத்திருக்கிறேன். கணவரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் குறியைப் பதிலுக்கு அனுப்பியிருக்கிறார். படிக்கட்டில் மாமனாரிடம் கொடுத்தது நிஜம். அவரிடமிருந்து நான் திரும்ப வாங்கியதும் நிஜமாகத்தான் இருக்க வேண்டும். பேட்டரியைத் தூக்க அவரைக் கூப்பிட்டார்கள், அப்போது கொடுத்திருப்பார். ஆனால் வாங்கியதோ கம்பளிக்குள் செருகியதோ எனக்கு நினைவில் இல்லை. இன்று வரை இல்லை. யோசிக்க யோசிக்க, படிக்கட்டில் கொடுத்ததுகூட நிஜம்தானா என்று குழப்பம் வந்துவிடுகிறது.

மாமனார் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். போனை அவரிடம் நீட்டினேன்.

"மாமா, பிளாஸ்க்க நீங்க வெக்கல. நாந்தான் வெச்சிருக்கேன். இங்க பாருங்க. ஒண்ணும் தெரியாம உங்களப் போயித் திட்டிட்டேன்."

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படத்தை நெடுநேரம் பார்த்தார். சிரிப்பார், இல்லாவிட்டால் கோபப்படுவார் என்று நினைத்தேன்.

"அப்ப நான் வெக்கலியா?" என்றார்.

"இல்ல மாமா."

"நல்லாப் பாத்தியா?"

"என் வாட்ச் மாமா இது."

பேப்பரை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அதன் பிறகு சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால், பழைய கூட்டாளி ஒருவரைப் பார்க்க எறையூருக்குப் பஸ் ஏறியிருக்கிறார். இறங்கி நின்றதும் எந்தப் பக்கம் போவது என்று தெரியவில்லை.

"முப்பது வருஷம் சைக்கிள்ல போன ரோடும்மா. இந்தாண்டயா அந்தாண்டயான்னு நின்னுட்டேன். யாரையாச்சும் கேக்கலாம்னா வெக்கமா இருந்துச்சி. அடுத்த பஸ்ஸப் புடிச்சி வந்துட்டேன். நீ திட்டுனப்ப, சரி, இதுவும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஏன் மாமா சொல்லல?"

"சொன்னா அவங்கிட்ட சொல்லிடுவ. வேலைய உட்டுட்டு வந்து நிப்பான்."

நான் நாற்காலிக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன். இரண்டு நாளாக அவரைப் பற்றி நான் நினைத்துக்கொண்டிருந்தது முழுக்கத் தப்பு. இப்போது பார்த்தால் முழுக்கத் தப்பும் இல்லை. எதற்காக மன்னிப்புக் கேட்க வந்தேனோ அதுவே கையைவிட்டு நழுவிப் போனது போலிருந்தது.

மறுநாள் லீவு போட்டுவிட்டு அரியலூரிலேயே ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் நிறையக் கேள்விகள் கேட்டார். இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்துச் சொல்லுங்கள் என்றெல்லாம் கேட்டார். கழித்தலில் மாமனார் என்னைவிட வேகம். கிழமையில்தான் கொஞ்சம் யோசித்தார். வீடு மாறிய அலைச்சலில் அன்று எனக்கே கிழமை தெரியவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அவ்வப்போது ரொம்பக் கீழே இறங்குகிறது, அப்போது மூளை தடுமாறும் என்று சொல்லி ஊசியின் அளவைக் குறைத்தார். ஒரு வைட்டமினும் குறைவாக இருக்கிறது என்று மாத்திரை எழுதினார். "இதுவே காரணமா இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். மூணு மாசம் பாப்போம்" என்றார்.

அன்று மாலையே கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். மாமனாருக்கு அது தெரிந்ததும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். மூன்றாம் நாள் காலை நெட் பெட்டியில் விளக்கு எரியவில்லை என்று நான் வயர்களோடு போராடிக்கொண்டிருந்தபோது, வந்து அடாப்டரைக் கையில் வாங்கினார். அதன் முதுகில் பொடி எழுத்தில் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"இது பன்னெண்டு வோல்ட்டு. பெட்டியில ஒம்போதுன்னு போட்டிருக்கு பாரு. தப்பா மாட்டிருந்தா பொகஞ்சிருக்கும்."

ஒவ்வொரு அடாப்டராக எடுத்து, எண்ணைப் படித்து, சரியானதைத் தேடிக் கொடுத்தார். அந்த எண்கள் இத்தனை வருஷமும் அங்கேயே அச்சாகி இருந்தது எனக்குத் தெரியாது. பொட்டே தேவைப்பட்டிருக்காது.

மூன்று மாதம் ஆகிவிட்டது. ஊசியின் அளவைக் குறைத்த பிறகு அவர் தெளிவாகத்தான் இருக்கிறார். சில நாள் ஒரே விஷயத்தை இரண்டு தடவை கேட்கிறார். சில நாள் நானும் அப்படிக் கேட்கிறேன். அடுத்த மாதம் கணவர் லீவில் வருகிறார். அப்பா எப்படி இருக்கிறார் என்று ஒவ்வொரு போனிலும் கேட்கிறார். நன்றாக இருக்கிறார் என்கிறேன். சொல்லிவிட்டு, சரியாகத்தான் சொன்னேனா என்று யோசிக்கிறேன்.